கறுப்பு வெல்வெட்டும் பொருந்தாத லென்ஸும்

பெரிய சதுரப் படம் எடுக்கும் ஃபிலிம் கேமராவை எட்டும் விலையில் தேடினால், பிஷ்கேக்கில் கிடைப்பது சோவியத் காலத்துப் பெட்டிதான். ஜப்பான் கேமராக்களை நான் படத்தில் பார்த்ததோடு சரி. சோவியத் பெட்டியிலும் இரண்டு சாதி. ஒன்றில் லென்ஸைத் திருகி இறுக்க வேண்டும். மற்றதில் லென்ஸின் கொக்கிகளை உட்கார வைத்து, மேலே ஒரு வளையத்தைத் திருப்ப வேண்டும். ஒன்றின் லென்ஸ் மற்றதில் நிற்காது.

என் மகள் செய்தேவின் கால்கட்டு அறுக்கும் ஞாயிறுக்காகத்தான் இத்தனை அவசரம். நடக்கத் தொடங்கும் குழந்தையின் கால்களை நூலால் கட்டி, பிள்ளைகளை ஓடவிட்டு, ஜெயித்த பிள்ளையை விட்டு அறுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். முதல் நடை ஒரு முறைதானே.

லென்ஸ் இல்லாத பெட்டி ஒன்றை என் கணவன் கூபாத் மலிவாக வாங்கி வந்தான். வாசலிலேயே அதைப் பிடுங்கிக்கொண்டார் மாமியார். அவரை நாங்கள் அபா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுக்குள் வரும் இரும்புச்சட்டிகூட அபாவுக்கு முகம் மூடிய மணப்பெண்தான்; முதலில் பார்ப்பவர்கள் முகம்பார்க்கும் சீர் வைக்க வேண்டும்.

"அது என்னைவிட வயசானது அபா. புதுசு இல்ல."

"வீட்டுக்குப் புதுசுதானடி. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வரட்டும்." கறுப்பு வெல்வெட்டில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார்.

எந்தச் சாதி என்று தெரியாமல் லென்ஸ் எப்படி வாங்குவது? அபா குளிக்கப் போன நேரம் துணியின் மேலேயே தடவினேன். ஒரு வளையம் திரும்பியது. கொக்கிப் பெட்டியிலும் வளையம் திரும்பும் என்பதை அவசரத்தில் மறந்து, திருகுதான் என்று முடிவுகட்டி, சந்தையில் திருகு லென்ஸ் வாங்கிவிட்டேன்.

ஞாயிறு. சீர் குவிந்தது, முடிச்சு அவிழ்ந்தது. பெட்டியில் மரையே இல்லை, வளையம் கொக்கிக்கானது.

"கண்ணில்லாத பொண்ணையா கட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டாள் சின்ன நாத்தி.

முற்றத்தில் செய்தேவின் கால்களில் கறுப்பும் வெள்ளையுமாக நூல் கட்டியாயிற்று. சும்மா நிற்க முடியவில்லை. லென்ஸைப் பெட்டியின் வாயில் கையால் பிடித்து, கொஞ்சம் முன்னே நகர்த்தினேன். பெட்டியின் மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணாடியில் மகளின் பாதம் சட்டென்று தெளிந்தது. இடுக்கில் வெளிச்சம் புகுந்தால் ஃபிலிம் பாழ்.

"அபா, அந்தத் துணியக் குடுங்க."

"கையில பிடிச்சுக்கிட்டா? ஒண்ணும் வராது," என்றான் கூபாத். வந்தால் எப்படி வரும்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். அபா தாமே லென்ஸைச் சுற்றி வெல்வெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னோடு நண்டு போல நகர்ந்தார். ஓட்டத்தில் ஜெயித்த பிள்ளை நூலை அறுத்தது. என் மகள் ஓரடி வைத்தாள். ஃபிலிம் தீரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஃபிலிமைக் கழுவி அச்சிட்டபோது பன்னிரண்டு படங்களில் பதினொன்று வெளுத்திருந்தன. ஒன்றில் இரண்டு பாதங்கள், அறுந்த நூல், சுற்றிலும் கரைந்துபோன முற்றம். ஓரத்தில் ஒரு கறுப்பு மடிப்பு.

அபா படத்தை வாங்கி அந்த மடிப்பில் விரல் வைத்தார். "இது என் துணிதானே?"

"ஆமா அபா. நீங்க பிடிச்ச இடம்."

"எனக்கு முன்னாடி யாருக்காவது காட்டினியா?"

"இல்ல."

உள்ளே போய் வெல்வெட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "அப்போ என் சீர் இதுதான். அந்த லென்ஸத் திருப்பிக் குடுத்துடாத."