திரையில் வராத பெட்டி

நீலாவதி கணினியை மறுபடி அணைத்துப் போட்டாள். திரையின் மேல்மூலையில் தோன்ற வேண்டிய வட்டுப் படம் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த வெளிவட்டுப் பெட்டியில் விளக்கு எரிந்தது. உள்ளே வட்டு சுழலும் ஓசையும் கேட்டது. கோலா சாவா ரப்பர் தோட்ட இளைஞர் மன்றத்தின் தீபாவளி மலர் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அவள் அச்சுக்கோத்த முதல் புத்தகம். வேறு பிரதி கிடையாது.

மன்றச் செயலாளர் அர்ச்சுனன் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் வாசலில் நின்றார். பக்கங்களைத் தாளில் எடுத்து மாலைக்குள் சிரம்பான் அச்சகத்தில் சேர்க்க வேண்டும். தவறினால் அங்கே வேறு வேலை ஏறிவிடும். தீபாவளி கழித்துத் தீபாவளி மலரை யார் வாங்குவார்கள்?

"பூசைக்கு லீவு குடுத்தீங்கல்ல, பெட்டி இன்னும் வேலைக்குத் திரும்பலபோல லா" என்றார் அவர்.

"வாய மூடுங்கண்ணே" என்றாள் நீலாவதி. ஆனால் அந்தப் பேச்சுதான் பொறி தட்டியது. சரஸ்வதி பூசைக்காக எல்லாவற்றையும் கழற்றி, பால்வெட்டுக் கத்திகளோடு சாமி படத்துக்கு முன் வைத்தவள் அவளேதான். பிறகு இன்றுதான் மாட்டினாள்.

பெட்டியைத் திருப்பினாள். பின்னால் இரண்டு துளைகள். ஒன்றில் ஒயர். மற்றது காலி.

"அம்மா, இங்க ஒயரில்லாத கட்டையா ஒரு மூடி இருந்துச்சே? அது இல்லன்னா கணினிக்குப் பெட்டி கண்ணுல தெரியாது."

மங்கம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "குங்குமம் வச்சியே, அதா? தட்டுல பூவோட கெடந்துச்சா?" பாதியில் நிறுத்திக்கொண்டாள். "பூவெல்லாம் அப்படியே பையில கொட்டிட்டேன்டி. சாமிப்பூவ யாரும் மிதிக்கக் கூடாதுன்னு ஆத்துல விடச் சொல்லி அர்ச்சுனன்கிட்டதான் குடுத்தேன்."

இருவரும் அர்ச்சுனனைப் பார்த்தார்கள்.

அவர் மோட்டாரை அணைத்தார். "பெரியம்மா, திட்டாதீங்க" என்றபடி முன்கூடையில் மழைச்சட்டைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்தார்.

"அடப்பாவி, சாமிப்பூவ வச்சிக்கிட்டா ஊர் சுத்துற?"

நீலாவதிக்கு அது காதில் விழவில்லை. அழுகிய செவ்வந்திக்குள் கையை விட்டுத் துழாவினாள். வாழைப்பழத் தோல், சூடக்கரி, பிறகு கெட்டியாக ஒன்று. முள்முள்ளான கம்பிகளுக்கிடையே காய்ந்த சந்தனம், குங்குமம். பழைய பல்துலக்கியால் தேய்த்தாள், ஊதினாள், முந்தானையால் துடைத்தாள். எல்லாவற்றையும் அணைத்து மூடியைப் பொருத்தினாள். முதலில் பெட்டி, பிறகு கணினி.

மூவரும் திரை முன் கூடினார்கள். மேல்மூலையில் சின்னஞ்சிறு படம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"வந்துட்டான் லா" என்று அர்ச்சுனன் மேசையைத் தட்டினார். நீலாவதி அவர் கையைப் பிடித்துத் தள்ளினாள். அச்சுப்பொறியிலிருந்து முதல் பக்கம் சூடாக வெளியே வந்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கடைசித் தாளும் உறைக்குள் போனதும் மங்கம்மா பூப்பையை நீட்டினாள். "போற வழியில ஆறு."

"மொதல்ல அச்சகம் பெரியம்மா. திரும்பறப்ப ஆறு."

நீலாவதி பையை வாங்கி, அடிவரை இன்னொரு முறை துழாவிப் பார்த்த பிறகே அவரிடம் கொடுத்தாள்.