இது ஆவி பேசியதல்ல

பெலனீசே அக்காவை மேடையில் பார்த்துச் சிரிக்காத சாமோவாக்காரர் தெற்கு ஆக்லாந்தில் இருந்தால், அவரை டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். நாற்பது வருடமாகக் கோமாளி நாடகத்தில் ஆண் வேடம், ஒட்ட வெட்டிய முடி. "பேன் தின்னது போக மிச்சம் இதுதான்" என்று அவர் தலையைத் தடவிக் காட்டினால் அரங்கமே அதிரும்.

என் வேலை கலைஞர்களை உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசவிட்டு ஒலிபரப்புவது. மாங்கெரேயில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்தான் என் நிலையம். அக்காவிடம் முடியைப் பற்றிச் சும்மாதான் கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார். பதினேழு வயதில் முதல்முறை மேடையேறினாராம். பெண்களுக்கு அந்த மேடை கிடையாது என்பது அப்பாவின் கட்சி. அப்பா சபைப் போதகர். அன்று மாலை ஜெபம் முடிந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, மகளின் இடுப்புவரை தொங்கிய முடியை அவரே கத்தரித்துவிட்டாராம். அதன்பிறகு அக்கா வளர்க்கவே இல்லை. பேன் கதை ஊர் வாயை அடைக்கக் கட்டியது.

அந்தப் பகுதியை மட்டும் முன்னோட்டமாக வெளியிட்டேன். மறுநாளே அக்காவையும் அழைத்துக்கொண்டு அவர் அண்ணன் மட்டாயோ வந்து நின்றார். சபையின் மூத்த மூப்பர். கையில் ஒரு நேர்த்தியான பாய்ச்சுருள்.

அதைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வழக்கப்படி, குற்றம் செய்தவர் அந்தப் பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் வாசலில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். அவர்களாகப் பாயை விலக்கினால்தான் மன்னிப்பு. ஞாயிற்றுக்கிழமை அக்கா சபை வாசலில் அப்படி உட்கார வேண்டுமாம். நான் பேட்டியிலிருந்து அதை வெட்டிவிட வேண்டுமாம். செத்துப்போன அப்பாவின் பெயர் நாறுகிறதாம்.

"இதையே நீ மேடையில சொல்லியிருக்கலாம்," என்றார் மட்டாயோ. "அங்க பேசுறது ஆவி. யாரைச் சொன்னாலும் யாரும் கோவிச்சுக்க முடியாது. நீ உன் வாயால, பெலனீசேன்னு பேரு போட்டுச் சொல்லிட்ட."

அதுதான் எங்கள் நாடகத்தின் சலுகை. கோமாளி வாயிலிருந்து வருவதெல்லாம் ஆவியின் பேச்சு. தலைவரானாலும் போதகரானாலும் சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

"மேடையில எத்தனை தடவை அப்பா மாதிரி கத்தரிக்கோல் புடிச்சு நடிச்சிருக்கேன். முன்வரிசையில உக்காந்து நீதானே அண்ணே கண்ணுல தண்ணி வரச் சிரிச்ச," என்றார் அக்கா. "ஆவி சொன்னா உங்களுக்கு வேடிக்கை. அதான் நானே சொன்னேன்."

மட்டாயோ அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். வெட்டாவிட்டால் சபையில் ஒருவரும் என் நிகழ்ச்சியைக் கேட்க மாட்டார்கள் என்றார். கேட்காமல் போகட்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"லூபே, மைக்கைப் போடு. ஒண்ணு விட்டுப்போச்சு."

போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அது எதற்கென்று மட்டாயோவுக்கும் தெரியும்.

எங்களில் சகோதரி என்றால் சகோதரனுக்குக் கண்ணின் மணி. அவளை யாராவது தொட்டால் குறுக்கே விழ வேண்டியவன் அவன். அப்பாவே ஆனாலும் சரி.

"அன்னைக்கு அப்பா ரெண்டு கையாலயும் வெட்டினார்," என்றார் அக்கா, நிதானமாக. "அப்ப என் தலையைப் புடிச்சிருந்தது யாரு? பேட்டியில அதை நான் சொல்லல. உன் மானம் போகக்கூடாதுன்னு விட்டேன். நீ பாயைக் கொண்டாந்து எனக்கே நீட்டுற."

விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டார்.

"உக்காரு. இன்னைக்குக் கேள்வி நான் கேக்குறேன். எதுக்குப் புடிச்ச?"

மட்டாயோ உட்காரவில்லை. பாயை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த விளக்கையே பார்த்தபடி நின்றார். அவர் மூச்சு மட்டும் மைக்கில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவர் வெளியேறிக் கதவைச் சாத்தும் சத்தம்.

வழக்கமாகப் பேச்சில்லாத இடங்களை வெட்டிவிடுவேன். இந்த முறை மூச்சு, கதவு, எல்லாவற்றையும் அப்படியே வெளியிட்டேன். சபை முழுக்கக் கேட்டது.