காரணமில்லாமல் போட்ட எட்டு

2019 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, ‘மிகக் கடினம்’ என்று குறிக்கப்பட்ட சுடோகுத் தாளுடன் சமையலறை மேசையில் அமர்ந்தேன். எனக்கு வயது எழுபத்தொன்று. எந்த வரிசையிலும் நெடுவரிசையிலும் ஓர் எண் இருமுறை வராமல் ஒன்று முதல் ஒன்பது வரை நிரப்பும் இந்தச் சுடோகுவைக் கற்கத் தொடங்கிப் பத்தொன்பது நாள். நூலகத்தின் இருவர் போட்டிக்குப் பெயர் கொடுக்க நண்பகல் பன்னிரண்டு மணியே கெடு. அதற்குள் முடித்தால் தங்கைக்கு இணையாக நான் போவேன். தவறினால், பல் மருத்துவமனையில் அவளுடன் வேலை பார்த்த வரவேற்பாளர் போவாள். ஊகித்து எண் போடக் கூடாது என்ற நிபந்தனையை விதித்தவள் நானே.

அச்சகத்தில் முப்பத்தெட்டு ஆண்டு பிழை திருத்தியவள் நான். ஒவ்வொரு கட்டத்திலும் வரக்கூடிய எண்களைப் பென்சிலால் சிறிதாகக் குறித்து வைப்பது முதலில் எனக்குப் பொறுக்கவில்லை.

“இதென்னடி, தாள் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி?”

“அந்த எறும்புதான்க்கா வழி காட்டும். பேனாவை மூடி வை.”

மூடி வைத்தேன். அச்சகத்தில் காற்புள்ளிகளை மட்டும் பார்ப்பதற்கென்றே ஒரு பக்கத்தைத் தனியாக ஒருமுறை படிப்பேன். அப்படியே இப்போது ஆறை மட்டும் தேடிப் படித்தேன். இரண்டாம் வரிசையில் ஆறு வரக்கூடிய கட்டங்கள் இரண்டே: நான்காவது, ஒன்பதாவது. ஏழாம் வரிசையிலும் அதே நான்காவது, ஒன்பதாவது! அப்படியானால் அந்த இரண்டு நெடுவரிசைகளின் ஆறுகளும் இந்த நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிட்டன. அந்த நெடுவரிசைகளின் மற்றக் கட்டங்களிலிருந்து ஆறை அழித்துவிடலாம். தங்கை சொல்லிக்கொடுத்த ‘எக்ஸ் விங்’ இதுவே.

“மாட்டிக்கிச்சு!” என்று கத்தினேன். கத்துவது என் வழக்கமன்று.

தங்கை ஓடி வந்தாள். “என்னக்கா, தேளா?”

“ஆறுடி, ஆறு!”

பிறகு எட்டாம் வரிசையில் ஒரு கட்டம் வழிமறித்தது: இரண்டா, எட்டா? கால் மணி நேரம் முறைத்துப் பார்த்தேன். எட்டைப் போட்டேன். மளமளவென்று மற்றவை நிரம்பின. மணி பதினொன்று நாற்பது.

“அக்கா, பிச்சு உதறிட்டே!” தங்கை போனை எடுத்தாள்.

“போனை வை. அந்த எட்டு காரணமில்லாம போட்டது.”

“சரியாத்தானே வந்திருக்கு? யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்.”

அதிலிருந்து நிரப்பிய இருபத்து மூன்று எண்களையும் அழித்தேன். சிறிய எண்களை மீண்டும் குறித்தேன். சமையலறைக் கடிகாரத்தில் பன்னிரண்டாக இரண்டே நிமிடம்.

“வரவேற்பாளர் பேரையே குடு.”

“ஹால் கடிகாரத்துல இன்னும் பத்து நிமிஷம் இருக்கேக்கா.”

“அது மெதுவா ஓடுதுன்னு வாரம் முழுக்கப் புலம்பினது யாரு?”

பெயரைக் கொடுத்துவிட்டு வந்தவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “அச்சாபீஸ் புத்தி போகலையே! இடமிருந்து வலமாவே படிச்சுக்கிட்டு இருக்கே. மேலிருந்து கீழே ஒரு தடவையாவது பார்த்தியா?”

தாளைக் கால்வாசி திருப்பினேன். நெடுவரிசைகள் படுத்துக்கொண்டன, என் கண்ணுக்குப் பழகிய வரிகளாயின. இரண்டை மட்டும் தேடினேன். முதல் நெடுவரிசையிலும் ஆறாவதிலும் இரண்டு வரக்கூடிய இடங்கள் மூன்றாம், எட்டாம் வரிசைகள் மட்டுமே. ஆகவே எட்டாம் வரிசையின் மற்றக் கட்டங்களில் இரண்டுக்கு வேலையில்லை. வழிமறித்த கட்டத்தில் எஞ்சியது எட்டு!

“எட்டுடி! எட்டேதான்! இப்போ காரணத்தோட எட்டு!” நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததை நான் கவனிக்கவில்லை. மணி பன்னிரண்டு ஒன்பது.

“இரு, போன் பண்ணிப் பேரை மாத்திடறேன்.”

“வேண்டாம். கெடுன்னா கெடுதான்.”

முடிவானது இது: இம்மாதப் போட்டிக்குத் தங்கையும் வரவேற்பாளரும் செல்வர். அடுத்த மாதம் தங்கையுடன் நான் செல்வேன். பெயரைக் கெடுவுக்கு முந்தைய நாளே கொடுத்துவிட வேண்டும். அதுவரை, ஞாயிறுதோறும் நண்பகல் வரை, சமையலறை மேசை எனக்கு. ஹால் கடிகாரத்தை அன்று மாலையே சரிசெய்தோம்.