நாலு பேர்

கிருஷ்ணவேணி அம்மாளின் வாயில் வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை பாதி கரைந்திருந்தபோதுதான், அவள் கண் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததைப் படித்து முடித்தது. வாய் அப்படியே நின்றுவிட்டது. விழுங்குவதா, துப்புவதா? திண்டிவனத்தில் நிலபுலனோடு வாழ்ந்துவரும் அந்தக் குடும்பத்துக்கு இப்படியொரு இக்கட்டு இதுவரை வந்ததில்லை. போதாக்குறைக்கு, இதற்கு முன்பே சில உருண்டைகள் உள்ளே போயிருந்தன. "பாகு பதம்னா இதான்டா பதம்" என்று மகனிடம் சான்றிதழும் கொடுத்தாகிவிட்டது.

"டேய் சுகுமாரு, இது எங்கேர்ந்துடா வருது?" என்றாள், உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

சுகுமாருக்கு முகம் மலர்ந்தது. ஊரெல்லாம் அவன் கேட்டுக்கொண்டு திரிகிற கேள்வியை அம்மாவும் கேட்டுவிட்டாள்! விழுப்புரத்தில் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் மண்டல அலுவலகத்தில் அவன் கொள்முதல் அதிகாரி. அந்த நிறுவனத்தில் பணம் போட்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். காலண்டரோ நாற்காலியோ, எதை வாங்கினாலும் அதை யார் செய்தது, எங்கே செய்தது, செய்தவருக்குக் கூலி ஒழுங்காகப் போனதா என்று தெரிந்திருக்க வேண்டும். பொறுப்பான கொள்முதல் என்று அதற்குப் பெயர். சுகுமார் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரின் டீ ஆறிவிடும். வாடிக்கையாளர்களுக்குத் தீபாவளிக்குத் தரும் பரிசுப் பெட்டி ஆர்டரை வழக்கமான பெரிய கடைக்குப் போகவிடாமல், கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் நான்கு பெண்கள் நடத்தும் குழுவுக்கு வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அவர்கள் பெயரையும் தெருவையும் அட்டையில் போட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவனும் அவன்தான்.

"கவிதா, சின்னபொண்ணு, சவுரியம்மாள், காந்திமதி. காலனித் தெரு. எல்லாம் போட்டிருக்கே, பாரும்மா."

"அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

முன்பின் தெரியாதவரிடம் சாதி கேட்பது நம் ஊரில் நாகரிகமில்லை. தெரு கேட்கலாம். கிருஷ்ணவேணி அம்மாள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். வாய் கொப்பளிக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்து, "நாலு பேருக்குத் தெரிஞ்சா இன்னா சொல்லுவாங்க?" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நாலு பேருக்கும் ஏற்கெனவே தெரிந்துவிட்டிருந்தது. மறுநாள் தாய்மாமன் நடராசன் போன் செய்தார். அவர் இருப்பது எதிர்வீட்டில்தான். ஆனாலும் சில விஷயங்களை முகம் பார்த்துப் பேச முடியாது. அந்தத் தெருவில் பாதிப் பேரை சுகுமாரின் நிறுவனத்தில் பணம் போட வைத்தவர் அவர்.

"மாப்ள, அந்தப் பொட்டிய திருப்பி அனுப்பிட்டேன். தப்பா நெனச்சிக்காத. சுகரு."

"உங்களுக்கா மாமா? போன வாரம் கல்யாணத்துல ஜிலேபிய வளைச்சி வளைச்சி சாப்ட்டீங்களே?"

"அதுக்கப்புறம்தான் வந்துச்சி."

அந்த வாரம் திண்டிவனத்தில் சர்க்கரை நோய் தெருத் தெருவாகப் பரவியது. கிருஷ்ணவேணி அம்மாளையும் விடவில்லை. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காதவர்களுக்கும் அட்டையைப் படித்த மாத்திரத்தில் வந்துவிட்டது. விழுப்புரம் அலுவலகத்தில் திரும்பி வந்த பெட்டிகள் சுகுமாரின் மேசையை மறைத்தன.

மேலாளர் அரிபிரசாத்தும் நாகரிகமானவர். அவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவில்லை.

"இது சப்ளை செயின் ரிஸ்க் சுகுமார். மழை வந்து லாரி நின்னா ரிஸ்க் இல்லையா? அந்த மாதிரி. சரக்க மாத்த வேணாம், சூப்பரா இருக்கு, நானே ஒரு பொட்டி காலி பண்ணிட்டேன். அட்டைய மட்டும் மாத்து. பொங்கலுக்கு எல்லா பிராஞ்சுக்கும் இவங்களே சப்ளை பண்ணணும்னா, ஜல்தி முடி. இல்லன்னா பழைய கடைக்கே போயிடலாம்."

சுகுமார் கெட்டவனில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்திருக்க மாட்டான். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். அட்டையில் ஒரு பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? 'கிருஷ்ணவேணி அம்மாள் கைப்பக்குவம், திண்டிவனம்.' மாதிரி அட்டை ஒன்றை அச்சடித்து எடுத்துக்கொண்டு கவிதாவைப் பார்க்கப் போனான்.

கவிதா வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் மல்லாட்டை வறுக்கும் வாசனை தூக்கியது. பொங்கல் ஆர்டரை நம்பிக் கடனில் வாங்கிய வறுக்கும் மெஷின் ஒன்று மூலையில் சுற்றிக்கொண்டிருந்தது. பல வருடங்களாக அவர்கள் உருண்டை பிடித்து நெடுஞ்சாலைக் கடைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவந்தார்கள். அவர் தன் பெயரைப் போட்டு விற்றார். தங்கள் பெயரை அச்சில் பார்த்தது இந்தத் தீபாவளிக்குத்தான். சவுரியம்மாள் ஒரு காலி அட்டையை எடுத்துப்போய் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

அலுவலகக் கூட்டத்தில் "கவிதா மேடம்" என்று அழைத்த சுகுமார், இங்கே "ஏம்மா கவிதா" என்று ஆரம்பித்தான். அவள் அதைக் கவனித்தாள். மாதிரி அட்டையை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"பேரு வேணாம்னு நான் அப்பவே சொன்னேன் சார். நீங்கதான் போட்டே ஆவணும்னீங்க."

"ஆமா. அது பாலிசி."

"இது?"

"இதுவும் பாலிசிதாம்மா. ரிஸ்க் பாலிசி."

"அம்மா பேர போடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார். பொய்யா போடக்கூடாது, அவ்ளோதான். ஒருநாள் அனுப்பி வைங்க. எங்ககூட குந்திக்கினு கொஞ்சம் உருண்டை புடிக்கட்டும். அஞ்சாவது பேரா சேத்துக்கலாம்."

அம்மாவை அந்தக் கொட்டகையில் உட்காரவைத்துப் பார்க்க சுகுமார் முயன்றான். நினைப்பிலேயே அம்மா எழுந்து போய்விட்டாள்.

"பேர எடுக்கலன்னா பொங்கல் ஆர்டர் போயிடும்மா. மெஷினுக்கு வேற தவணை இருக்கு. எனக்கே பேஜாரா இருக்கு, புரிஞ்சிக்கோ."

"புரியுது சார். ஆர்டர் போச்சின்னா பழையபடி அந்தக் கடைக்காரர் வாசல்ல போயி நிப்போம். அது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனா எங்க பேர எங்க கையாலயே அழிக்க மாட்டோம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்படி வேலையை விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்: "திருப்பி அனுப்பினவங்க இன்னா காரணம் சொன்னாங்க?"

"சுகரு."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

மெஷின் பக்கம் நின்றிருந்த சின்னபொண்ணு களுக்கென்று சிரித்தாள். கவிதா சிரிக்கவில்லை.

"அப்ப கொற சரக்குலதான் சார் இருக்கு. சரக்குல கொறன்னா நாங்க மாத்திக் குடுக்கணும்னு ஒப்பந்தத்துலயே கையெழுத்து வாங்கியிருக்கீங்க. மாத்திக் குடுத்துடறோம். நாங்களே வீடு வீடா வந்து குடுக்கறோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை கவிதாவும் சின்னபொண்ணும் ஷேர் ஆட்டோவில் பையோடு வந்து இறங்கினார்கள். முதல் வீடு சுகுமாருடையது. அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எழுந்தான். பிறகு செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துகொண்டான். கிருஷ்ணவேணி அம்மாள்தான் வாசலுக்குப் போனாள். எதிர்வீட்டு வாசலில் நடராசன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"அம்மா, கம்பெனிலேர்ந்து வர்றோம். சுகரு இருக்கறவங்களுக்குன்னே பண்ணதும்மா. வெல்லம் கெடயாது. வறுத்த மல்லாட்டை, உப்பு, அவ்ளோதான்." கவிதா ஒரு பொட்டலத்தை நீட்டினாள். நான்கு பெயர்களும் அதே வரிசையில் இருந்தன. எழுத்து மட்டும் முன்னைவிடப் பெரிசு. படிக்கக் கண்ணாடி தேவையில்லை.

"உப்பா? எனக்கு பிரஷரு வேற இருக்கேம்மா."

"இருக்கும்னு நெனச்சேன்மா." சின்னபொண்ணு பையிலிருந்து வேறொரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள். "இதுல உப்பும் கெடயாது."

பல்லைச் சாக்காகச் சொல்லலாம் என்று கிருஷ்ணவேணி அம்மாள் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் முப்பத்திரண்டும் பளிச்சென்று தெரிந்தன. மூடிக்கொண்டாள்.

பொட்டலத்தை வாசல் கேட்டின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்தத் தெருவுக்கு வரும் காலனிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். கவிதா வைக்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

"சொல்லுங்கம்மா," என்றாள். "இதுலேர்ந்து இன்னும் இன்னா எடுக்கணும்?"