பனியில் இறங்கிய நெருப்பு

அன்றைய பனிக்காலப் போட்டியில் வெய்ன் ஹெய்க்கினென் ஒரு நடுவர். சாரணர் அணிகள் தங்கள் சறுக்கு வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு உறைந்த ஏரியைச் சுற்றி வரும்; வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சோதனை. கடைசியான அவருடைய நிறுத்தத்தில் இரண்டே தீக்குச்சியில் நெருப்பு மூட்டி, முழங்கால் உயரத்தில் கட்டிய கயிற்றை எரித்து அறுக்க வேண்டும். நடுவர் ஓர் அணிக்கு யோசனை சொல்ல வாய் திறந்தால் அந்த அணி போட்டியிலிருந்து நீக்கம்.

மகள் லினியாவின் அணி இரண்டு வருடமாக இந்தக் கயிற்றடியில்தான் மண்ணை, அதாவது பனியை, கவ்வியிருந்தது. எல்லா நிறுத்தங்களையும் முடித்து, மூன்று மணிக்கு ஊதல் ஒலிப்பதற்குள் கோட்டைத் தாண்டும் அணிகளின் பெயர் மட்டுமே ஊர் மண்டபப் பலகையில் ஏறும். அந்த ஐந்து பெண்களின் அணிப் பெயர் அதில் இல்லை. பள்ளியில் பையன்கள் இதைச் சொல்லிச் சொல்லியே அவர்களை வறுத்தெடுத்தார்கள்.

லினியா முதல் குச்சியிலேயே பற்றவைத்துவிட்டாள். காய்ந்த பூர்ச்ச மரப்பட்டை சடசடவென்று எரிந்தது. வெய்னோ சந்தோஷப்படவில்லை. பிள்ளைகள் அடியில் கட்டை பரப்பவில்லை! வெறும் பனிமேல் மூட்டிய நெருப்பு பனியை உருக்கித் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். இவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பயிற்சிக்காக வீட்டு வாசலில் பனியை வாரித் தள்ளி, காய்ந்த தரையாக்கிக் கொடுத்த புண்ணியவான் அவரேதான்.

நெருப்பு மெல்ல இறங்கியது. கயிறு மேலே சும்மா ஆடியது. வெய்ன் மீசையைக் கடித்தார்.

"மீசையத் தின்னு தீத்துடாதய்யா," என்றார் பக்கத்து நடுவர் புரூஸ்.

லினியா குழியைப் பார்த்தாள், பிறகு வண்டியைப் பார்த்தாள். "பலகைய அவுருங்கடி."

"நாலு மாசம் ஒக்காந்து கட்டுன வண்டிடி இது," என்றாள் டோரி.

"பரவால்ல, அவுரு."

கட்டுகளை அவிழ்த்துப் பலகைகளைப் பனிமேல் பரப்பினார்கள். மூட்டையிலிருந்த வாணலியால் கங்குகளை அள்ளி அவற்றின்மேல் கொட்டி, சுள்ளி அடுக்கி, ஐந்து பேரும் குப்புறப் படுத்து ஊதினார்கள். இரண்டாவது குச்சிக்கு வேலையே வரவில்லை. கயிறு கருகி அறுந்தது. வண்டியில் மிஞ்சியது வெறும் சட்டம்தான். மூட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, அந்தச் சட்டத்தை இழுத்தபடி ஏரிமேல் ஓடினார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள், கடைசி அணியாகக் கோட்டைத் தாண்டினார்கள். ஊதல் ஒலிக்க இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. வெய்னுக்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

லினியா நேராக அவரிடம் வந்தாள். முகமெல்லாம் கரி.

"அடியில ஒண்ணும் போடலன்னு பாத்தீங்களாப்பா?"

"மொத சுள்ளி வெச்சப்பவே பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்க, இந்த ஜென்மத்துல உங்ககூடப் பேசியிருக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு அவரை இறுகக் கட்டிக்கொண்டாள்.