புதன் மறைவதற்குள்

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். பகலெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறவர்களிடம் பேசிப் பழகியவர். அவர்களால் பதில் சொல்லவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. அதே தைரியத்தில் மாதம் ஒருமுறை நூலக அரங்கில் வானத்தைப் பற்றிப் பேசவும் வந்துவிடுகிறார். இங்கே கதவு திறந்தே இருக்கிறது என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

"ஒரு நிமிஷத்துல முடிச்சிடறேன்" என்பார். அதனால் கேட்க வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'ஒரு நிமிஷம்'. முன்வரிசையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தவறாமல் வந்து உட்காருவார். பேச்சு தொடங்கியதும் தூங்கிவிடுவார். கைதட்டல் கேட்டதும் விழித்து, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டுவார். அவரை நாங்கள் தூக்கக்காரர் என்போம். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

பகலில் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள் நான். மாலையில் இவருக்கு ஸ்லைடு மாற்றுகிறவளும் நான்தான். பேச்சு முடிந்ததும் எல்லோரும் மொட்டைமாடிக்குப் போய் டெலஸ்கோப்பில் பார்ப்பது ஏற்பாடு. நிலா, வியாழன், சனி எல்லாம் பொறுமைசாலிகள், இவர் முடிக்கும்வரை காத்திருக்கும். புதன் அப்படியல்ல. சூரியனை ஒட்டியே திரிகிற கிரகம். சூரியன் இறங்கியதும் மேற்கே கொஞ்ச நேரம் தலையைக் காட்டிவிட்டு அதுவும் இறங்கிவிடும். வருஷத்தில் சில நாட்கள்தான் அந்தக் காட்சியும். வருஷா வருஷம் இவர் புதனைப் பற்றிப் பேசுவார். அது எவ்வளவு சீக்கிரம் மறைந்துவிடும் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடும். நாங்கள் மாடி ஏறி இருட்டை வேடிக்கை பார்த்துவிட்டு இறங்குவோம்.

எனக்கோ புதனைப் பார்த்தே ஆக வேண்டும். அதன் பகல் எவ்வளவு சுடும், இரவு எப்படி உறையும், மேலே எத்தனை பள்ளம், எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இவ்வளவையும் கேட்டு, ஆளை மட்டும் கண்ணால் பார்க்கவில்லை என்றால் ஆத்திரம் வராதா?

இந்த வருஷம் நூலகர் அம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "பக்கத்துல பெரிய கட்டடம் வருதும்மா. கிரேன் வந்து நிக்குது பாருங்க. அடுத்த வருஷம் மேற்குப் பக்கம் வெறும் சுவர்தான்." எங்கள் பக்கத்தில் மேற்கு வானம் தெரிகிற ஒரே இடம் அந்த நூலக மாடி. இன்று விட்டால் விட்டதுதான்.

"இன்னைக்காவது நேரத்துக்கு முடிங்க" என்றேன் இவரிடம்.

"கண்டிப்பா. ஒரு நிமிஷம்கூடக் கூடாது."

அந்த வார்த்தையைக் கேட்டதுமே என் நம்பிக்கை போய்விட்டது.

நினைத்தபடியே நடந்தது. ஜன்னலில் வெயில் செம்மஞ்சளாகி மங்கவும் தொடங்கிவிட்டது. இவர் இன்னும் பிரபஞ்சம் தோன்றிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் இருமினேன். மணிக்கட்டைத் தட்டிக் காட்டினேன். இவர் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, "இத விளக்கணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்" என்றார். பிரபஞ்சத்தின் ஆரம்பத்துக்கும் பின்னால் போக என்ன இருக்கிறது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் "அடுத்தது" என்றதும் பொத்தானில் விரலை வைத்தேன், எடுக்கவே இல்லை. கோள்களும் படங்களும் கடகடவென்று ஓடி, திரையில் 'நன்றி' என்று வந்து நின்றது.

அரங்கம் ஒரு கணம் விழித்தது. அப்புறம் கைதட்டல் பாருங்கள், அப்படியொரு கைதட்டலை இவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. தூக்கக்காரர் எழுந்து நின்றே தட்டினார். நூலகர் அம்மா விளக்கைப் போட்டார். கூட்டம் மாடிப்படியைப் பார்த்து நடந்தது.

கடைசியாக நாங்கள் இருவரும் ஏறினோம். டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பாதிப் படியில் நின்றுவிட்டார். நன்றாக இருக்கிற திருகைத் திருகத் தொடங்கினார்.

"கால்ல ஆணியா அடிச்சிருக்கு? ஏறுங்க!"

"எனக்குக் காட்டத் தெரியாதும்மா."

"எதை?"

"புதன. நான் பாத்ததே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அதுதான் சில நாள் விடிகாலையில கிழக்கயும் வருமே. கிளினிக் மாடியில எத்தனையோ தடவை தேடினேன், மாட்டல. இத்தன பேர் முன்னாடி தேடி, கெடைக்கலன்னா? அந்த பயத்துலதான் பேசிக்கிட்டே இருந்துட்டேன்."

விடிகாலையில் இவர் வெளியே போவது நடைப்பயிற்சிக்கு என்றல்லவா நினைத்திருந்தேன்! உடம்பைக் கவனித்துக்கொள்கிறாரே என்று தங்கையிடம் பெருமை வேறு அடித்திருந்தேன். நன்றாக நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. பல் பிடுங்க வந்து உட்காருகிறவர்களின் முகம் எனக்குத் தினமும் பழக்கம். அதே முகம்.

"வாங்க, வலிக்காது" என்றேன்.

மாடியில் எல்லோரும் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தார்கள். மேற்கே கிரேனும் சாரமும் கறுப்பாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் வானம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"எங்க சார் புதன்?"

"ஒரு நிமிஷம்" என்றார் இவர். மாடியே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதன்ங்கிறது பாத்தீங்கன்னா..." என்று தொடங்கினார். போச்சு, மறுபடி பிரபஞ்சத்திலிருந்தா என்று நான் தலையில் கை வைத்தேன். ஆனால் அவரே நிறுத்திவிட்டார்.

"உண்மையச் சொல்லிடறேன். நானும் இதுவரைக்கும் பாத்ததில்ல. எந்தப் பக்கம்னு மட்டும் தெரியும். எல்லாரும் சேந்து தேடலாமா?"

யார் என்ன சொல்லிவிடுவார்களோ என்று பார்த்தேன்.

"அட, நீங்களுமா சார்!" என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண். சொந்தக்காரர் கிடைத்த சந்தோஷம் அவள் குரலில். அவ்வளவுதான், எல்லோரும் மேற்கே திரும்பிவிட்டார்கள். ஒருவர் விமானத்தைக் கண்டுபிடித்தார். இன்னொருவர் கிரேன் உச்சி விளக்கைக் கண்டுபிடித்து, அதற்குப் பாராட்டும் வாங்கினார். சிவப்பு மங்கிக்கொண்டே போனது.

"அந்தக் கொக்கிக்குக் கீழ, கொஞ்சம் இடது பக்கம்" என்றார் தூக்கக்காரர். "ஒண்ணு மினுக்குது பாருங்க."

"எப்படிங்க உங்க கண்ணுல பட்டுது?" என்றார் நூலகர் அம்மா.

"நீங்கள்லாம் படம் பாத்துப் பாத்து கண்ணக் களைப்பாக்கிட்டீங்க. நான் நல்லா ரெஸ்ட் குடுத்து வச்சிருந்தேன்."

இவர் டெலஸ்கோப்பைத் திருப்பினார். குனிந்தார். அப்புறம் நிமிரவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சார், ஒரு நிமிஷம் ஆயிடுச்சு" என்றது ஒரு குரல். நிமிர்ந்தவரின் கண் கலங்கியிருந்தது. வரிசையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். "மொதல்ல நீ பாரு."

பார்த்தேன். எள்ளளவு அரை நிலா போலப் புதன் நடுங்கிக்கொண்டிருந்தது. இதற்காகவா இத்தனை பாடு என்று ஒரு நொடி தோன்றியது. ஆனாலும் கண்ணை எடுக்க மனசு வரவில்லை. வரிசை முணுமுணுத்த பிறகுதான் விலகினேன்.

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கடைசியாகத் தூக்கக்காரர் பார்த்து முடிக்கவும் அது சாரத்துக்குப் பின்னால் இறங்கவும் சரியாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு இருவரும் வீட்டுக்கு நடந்தோம். டெலஸ்கோப் அவர் தோளில், அதன் கால்கள் மூன்றும் என் கையில். தெரு முனை தாண்டியும் மனுஷர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் நான் கேட்டிராத ஒன்றை அன்றைக்குக் கேட்டேன்.

"ஏதாவது பேசுங்களேன்."

அவர் நின்று, மேற்கே திரும்பிப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார்.

சரி என்று நானும் நின்றேன்.