பதினோராம் ரீலின் சங்கீதம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் யாரையாவது திட்டினால், ‘என்ன இந்த ஆள் இப்படிக் கத்துகிறான்’ என்று முகம் சுளிக்கக் கூடாது பாருங்கள். பதினெட்டு வருஷம் மிஷினின் கார்பன் விளக்குப் புகைக்குள் நின்று படம் ஓட்டியவன் வேறு எப்படிப் பேசுவான்?

1974இல் நான் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போகிற ரோட்டில் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். பெயர் ஆறுச்சாமி. முதலாளி ரத்தினசாமிக் கவுண்டர், நெல் விளையும் பூமி நிறைய உள்ளவர். ஓலைக் கொட்டகை, மணல் தரை, பின்னால் நாலு வரிசை பெஞ்சு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். ஒரே ஒரு மிஷின்தான், ஆகவே ஒவ்வொரு தடவை ரீல் மாற்றும்போதும் விளக்கைப் போட்டுவிடுவோம். ஜனங்கள் முறுக்கு வாங்கிக்கொண்டு வருவார்கள்.

புதுப் படமெல்லாம் எங்களுக்கு வராது. கோயமுத்தூர், பொள்ளாச்சி, பாலக்காடு என்று ஊர் ஊராக ஓடித் தேய்ந்து, உயிர் ஊசலாடும்போதுதான் படப்பெட்டி எங்கள் கொட்டகைக்கு வந்து இறங்கும். அந்த மாசி மாதம் வந்த படமும் அப்படித்தான். பெயர் வேண்டாம், கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதில் பதினோராம் ரீலில் ஒரு கட்டம். மகன் ரயில் ஏறிப் போய்விடுவான். தாய் பிளாட்பாரத்தில் நிற்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். இரண்டரை நிமிஷம் அவள் முகம்தான். சங்கீத டைரக்டர் அங்கே என்ன வாசித்திருந்தாரோ, அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம். எந்த ஊர் மிஷின் கடித்ததோ, பிலிமின் ஓரத்தில் சத்தம் பதிந்திருக்கும் கோடு அந்த இடம் முழுக்கச் சுரண்டிப் போயிருந்தது.

முதல் நாள் அப்படியே ஓட்டினேன். ‘கரகரகர’ என்று தகரத்தில் ஆணி போட்டு இழுத்த மாதிரி சத்தம். ஜனம் சும்மா இருக்குமா? மணலை அள்ளித் திரை மேலேயே வீசிவிட்டார்கள்.

“ஏனப்பா ஆறுச்சாமி, நாளைக்கு என்ற கொட்டாயிக்கே தீய வெச்சுப்போட்டா யாரு பதில் சொல்றது? என்னமாச்சும் பண்ணப்பா!” என்றார் கவுண்டர்.

பண்ணினேன். படம் தொடங்குமுன் பாட்டுப் போடுகிற கிராமபோன் பெட்டி என் பக்கத்திலேயே இருந்தது. கோயமுத்தூரில் பழைய சாமான் கடையில் வாங்கிய வயலின் ரெக்கார்டு ஒன்று என்னிடம் உண்டு. நடுவில் ஒட்டியிருந்த சீட்டு கிழிந்து போனதால் வாசித்தது யார் என்று தெரியாது. ஆனால் கேட்டால் நெஞ்சைப் பிசையும். ரயில் கூவியதும் படச் சத்தத்தை நிறுத்திவிட்டு அதைப் போட்டேன். தாய் முகம் திரும்பியதும் எடுத்தேன். அடடா! கொட்டகையே கப்சிப். நடுவில் ரெக்கார்டில் ஒரு கீறல் இருந்தது. அங்கே ஊசி மாட்டிக்கொண்டு ‘டொய்ங், டொய்ங், டொய்ங்’ என்று அதையே வாசிக்கும். நான் விரலால் லேசாகத் தட்டிவிடுவேன். அவ்வளவுதான் சங்கதி. எனக்கும் கவுண்டருக்கும் தவிர இது யாருக்கும் தெரியாது.

இந்த நேரத்தில்தான் வைத்தீஸ்வரன் சார் வந்து சேர்ந்தார்.

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்து ஆள். சித்தூரில் ஒரு டுட்டோரியலில் தமிழ் வாத்தியார். சங்கீதம் தெரியும் என்று அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நடக்கும்போதே தொடையில் தாளம் போட்டுக்கொண்டுதான் நடப்பார். சினிமா பார்க்கிற பிள்ளைகளுக்குச் சினிமாச் சங்கீதத்தைக் கேட்கவும் விமர்சனம் எழுதவும் கற்றுக்கொடுக்கப் போவதாகச் சொல்லி, பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கொட்டகையில் வகுப்பு. ஒரு ரீலை ஓட்டிக் காட்ட வேண்டுமாம். பிள்ளைகள் எல்லாரும் சாயங்காலம் டிக்கெட் வாங்கித் திரும்பவும் படம் பார்ப்பார்கள் என்றதும் கவுண்டர் தலையை ஆட்டிவிட்டார்.

எந்த ரீலைக் கேட்டார் தெரியுமா? பதினோராம் ரீல்!

பகலில் ஓலை இடுக்கு வழியாக வெயில் விழுந்து திரையில் படம் வெளிறிப்போய்த்தான் தெரியும். “படத்தைப் பார்க்கப்படாது. கண்ணை மூடிண்டு கேளுங்கோ,” என்றார் சார். நான் மேலே மிஷின் ரூமில் ஒரு கையில் மிஷின், ஒரு கையில் ரெக்கார்டு என்று வேர்த்து விறுவிறுத்து ஓட்டினேன். ஊசி வழக்கம்போல மூன்று தடவை மாட்டியது.

சார் துள்ளிக் குதித்தார். “கேட்டேளா? அந்த ஒரே ஸ்வரம் மூணு தடவை வரது! ஏன் மூணு? தாயார் வாய்விட்டு அழலை. உள்ளுக்குள்ளே மகனே, மகனே, மகனேன்னு மூணு தடவை கூப்பிடறா. அதைத்தான் வயலின் சொல்றதாக்கும். மேதை! இப்படிப் போடறவன் மேதை! மனசிலாச்சா?”

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நான் மிஷின் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்தேன். பொய் சொல்வானேன், எனக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது. மேதை என்று என்னை அதற்குமுன் யாரும் சொன்னதில்லை. என் பெண்டாட்டி பழனாத்தாள் சொல்வது வேறு வார்த்தை.

அடுத்த வாரம் ஊசி ஐந்து தடவை மாட்டித் தொலைத்தது. மாட்டினோமடா என்று ஓட்டை வழியாகப் பார்த்தேன். சார் ஒரு விநாடி யோசித்தார். “பார்த்தேளா! உசத்தியான சங்கீதம் கேட்கக் கேட்கப் புதுசாத் தெரியும். போன வாரம் நம்ம காதுக்கு மூணுதான் எட்டித்து!” என்றார்.

“சார், அது எப்படிங்க?” என்று ஒரு பெண் குரல். மண்சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மருதாத்தாள். எங்கள் ஊர்ப் பெண்தான், பதினேழு வயது இருக்கும். “போன வாரம் மூணுதானுங்க. நான் எண்ணி எழுதி வெச்சிருக்கறனுங்க. ஒரே படம்தானுங்களே?”

“காதைத் தீட்டிக்கோ அம்மா,” என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கே அந்தப் பெண் மேல் எனக்கு எரிச்சல்.

மூன்றாம் சனிக்கிழமை எல்லாரும் எழுதி வந்த விமர்சனத்தைப் படிக்க வேண்டும். அன்று காலை பஸ்ஸில் கம்பெனி ரெப் சுவக்கீன் வந்து இறங்கினார். படக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்க் கொட்டகைகளைச் சோதிப்பவர். கவுண்டர் என்னைத் தனியே இழுத்துப் போனார்.

“ஆறுச்சாமி, வாயத் தொறக்காதே. படத்துல நாமளா வேற சத்தத்தச் சேத்துனோம்னு தெரிஞ்சுதுன்னா பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்பறம் எந்தக் கம்பெனியும் நமக்குப் படம் குடுக்காது. கொட்டாயிய மூட வேண்டியதுதான். உனக்கும் வேலை இல்ல, ஆமா.”

“அந்தாளுக்குப் படத்தோட சங்கீதம் தெரிஞ்சிருக்குமேங்க?”

“ரெப்பு எந்தக் காலத்துல உள்ள உக்காந்து படம் பாத்தாரு? டீக்கடையிலதான் இருப்பாரு.”

ஆனால் அன்று வெயில் பொறுக்காமல் ரெப் கொட்டகைக்குள்ளேயே வந்து, கடைசி பெஞ்சில் கால் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கென்ன, வாயைத் திறக்காமல் இருந்தால் போயிற்று. எனக்கு இரண்டு பிள்ளைகள். வேறு தொழில் தெரியாது. வாயைத் தைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

ரீல் ஓடி முடிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து படித்தார்கள். ‘மூன்று முறை அழைக்கும் தாயுள்ளம்’ என்று ஒருவன். ‘ஐந்து முறை அழைக்கும் தாயுள்ளம்’ என்று இன்னொருவன். நான் மேலே பூரித்துப்போய் நின்றேன். கடைசியில் மருதாத்தாள் எழுந்தாள்.

“இந்த இடத்தில் இசையே வேண்டியதில்லை,” என்று படித்தாள். “அந்தத் தாயின் முகமே போதும். இசை போட்டவருக்கு அந்த முகத்தின் மேல் நம்பிக்கை இல்லை. பார்க்கிற நம் மேலும் நம்பிக்கை இல்லை. ‘அழு, அழு’ என்று முதுகில் குத்துகிறார். வயலின் நல்ல வயலின்தான். ஆனால் கூப்பிடாத வீட்டுக்கு வந்த விருந்தாளி.”

சார் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். “பத்துக்கு மூணு,” என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. “மூணே போடுங்க சார். ஆனா அதப் போட்டவரு அந்தம்மா மூஞ்சிய ஒருக்காக்கூட ஒழுங்காப் பாக்கலீங்க. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியுமுங்க.”

பார்க்கவில்லையா? நானா? ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் வீதம் இருபத்திரண்டு நாள் அந்த முகத்தைப் பார்த்தவன் நான்! தலைக்கு ஏறிவிட்டது. ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக் கத்தினேன்.

“ஏ அம்மிணி! யாரப் பாத்துச் சொல்ற நீ? அந்த எடத்துல சத்தமே இல்ல, தெரியுமா உனக்கு? மொட்டையாப் போச்சு அது! கரகரன்னு தகர டப்பா மாதிரி! என்ற ரெக்கார்டப் போட்டு அந்தம்மாளக் காப்பாத்துனது நானு! நம்பிக்கை இல்லீயாமா, நம்பிக்கை!”

வாசலில் நின்ற கவுண்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அட கெரகமே, என்ன காரியம் செய்தேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வைத்தீஸ்வரன் சார் மெதுவாக மேலே பார்த்தார். “அப்போ... அந்த மூணு தடவை?”

“ஊசி மாட்டிக்கிச்சுங்க சார்.”

“அஞ்சு?”

“அதுவும் ஊசிதானுங்க.”

சார் மணலில் உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் மணல் ஒட்டுவதைக்கூடப் பார்க்கவில்லை. பாவம், தொடையில் தாளம் நின்றுபோனதை அன்றுதான் பார்த்தேன். “அவளுக்கு மூணு போட்டேன்,” என்றார். “எனக்கு யார் போடப்போறா?”

கடைசி பெஞ்சில் கால்கள் மடங்கின. ரெப் எழுந்து வந்தார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “அந்தப் பொண்ணு சொல்றது நெசமான்னு பாத்துருவோம். சாயங்காலம் மொத ஆட்டத்துக்கு நான் உம்ம மிஷின் ரூம்ல உக்காருவேன். கிராமபோன் பெட்டி என் மடியில இருக்கும். படத்த உள்ளபடி ஓட்டும். ஜனம் கலாட்டா பண்ணாம இருந்தா நான் ஒண்ணும் கேக்கல. பண்ணினா, படப்பெட்டியோட நான் பஸ் ஏறிருவேன்,” என்றார்.

அன்று சாயங்காலம் கொட்டகை நிறைந்துவிட்டது. சனிக்கிழமைக் கூட்டம். ஆண்கள் பக்கம் பாதிப் பேர் கள்ளுக்கடை வழியாக வந்தவர்கள். டுட்டோரியல் பிள்ளைகளும் சாரும் வந்திருந்தார்கள். ரெப் சொன்னபடி கிராமபோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினோராம் ரீல். ரயில் கூவியது. இன்னும் ஒரு நொடியில் அந்தக் கரகரப்பு வரும், மணல் பறக்கும், என் பிழைப்பும் பறக்கும். கை தானாகப் பெட்டியைத் தேடியது. பெட்டி இல்லை. வேறு வழி தெரியாமல் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகைப் பிடித்து ஒரேயடியாகக் கீழே இறக்கிவிட்டேன். சத்தமே இல்லாமல் மொட்டையாக ஓடியது படம்.

“டேய் ஆபரேட்டரு, சவுண்டு என்னாச்சுடா?” என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் விசிலடித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அட சும்மா இருங்கப்பா!” என்று பெஞ்சிலிருந்து யாரோ அதட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்தேன். திரையில் அந்த அம்மாள் நிற்கிறாள். உதடு ஒரு தடவை அசைகிறது. இருபத்திரண்டு நாளாக ரெக்கார்டு மேல் கண்ணை வைத்துக்கொண்டு, ஊசியைத் தட்டத் தயாராக நின்ற நான், அந்த உதடு அசைவதை அன்றுதான் பார்த்தேன். பெண்கள் பக்கம் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் இன்னொருத்தி. கள்ளுக்கடைக் கூட்டத்திலிருந்து ஒரு கிழவன், “ஐயோ, என்ற கண்ணு,” என்று வாய்விட்டே சொன்னான். ரீல் முடிந்து விளக்கைப் போட்டேன். முறுக்கு வாங்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ரெப் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இந்தப் படத்த இப்பத்தான் பாக்கறேன்,” என்று சொல்லி, பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். வேலை தப்பித்தது. எனக்கு ஆனந்தமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது வயிற்றெரிச்சல்தான். அந்தப் பெண் சொன்னதுதான் சரி. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சரி! அவள் சரியாகச் சொன்னதால்தான் என் பிள்ளைகள் நாளைக்குச் சோறு தின்னப் போகிறார்கள்.

ஆட்டம் விட்டதும் வெளியே போய் நின்றேன். மருதாத்தாள் வந்தாள். பின்னால் வைத்தீஸ்வரன் சாரும் நின்றார். நானோ மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன்.

“அம்மிணி, நீ சொன்னதுதான் நெசம். நான் பாக்கவே இல்ல,” என்றேன்.

அவள் வெட்கப்படுவாள், சிரிப்பாள், ‘அதெல்லாம் இல்லீங்கண்ணா’ என்பாள் என்று நினைத்தேன். அவள் நோட்டைத் திறந்தாள்.

“இன்னிக்கு நல்லா இருந்துச்சுங்கண்ணா. ஆனா சத்தமில்லாத எடத்துல உங்க மிஷின் கடகடன்னு அடிக்கறது ரொம்பக் கேக்குதுங்க. அதுவும் அந்தம்மா ஒதட்ட அசைக்கறப்ப. அதுக்கு எண்ணெய் விடமாட்டீங்களா?”

சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். காலையில் முதல் வேலையாக மிஷினைக் கழற்றி எண்ணெய் விட்டேன். இரண்டு தடவை விட்டேன்.